சொத்தைப் பல் யார் செய்த வினை?

சென்னைப் புறநகரான ஊரப்பாக்கத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நடந்தால், பேக்கரிக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பல் கிளினிக் பலகைகள் கண்ணில் படும். மாலை ஏழு மணி வாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தால் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். முந்தைய இரவு முழுக்க அழுது ஓய்ந்த ஐந்து வயதுக் குழந்தை, வீங்கிய கன்னத்தைத் தாயின் தோளில் சாய்த்துக் கிடக்கும். "நான் என்ன பாவம் பண்ணேனோ, புள்ள இப்படித் துடிக்குது" என்பாள் தாய். "பால் பல்லுதானேம்மா, விழுந்து முளைச்சிடும்" என்று ஆறுதல் சொல்வார் பாட்டி. "ராத்திரியில பாட்டில் குடுக்காதேன்னு எத்தனை வாட்டி சொன்னேன்" என்று தகப்பன் முணுமுணுப்பான்.

மூன்றும் வேதனையில் வந்த பேச்சு. ஆனால் மூன்றுக்கும் அடியில் மிகப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. துன்பம் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் பொறுப்பு? தாய் முன்வினையைச் சொல்கிறாள். இயற்கை தானே சரி செய்துகொள்ளும் என்கிறார் பாட்டி. தகப்பன் குற்றவாளியைத் தேடுகிறான். கைக்கு அகப்படுகிறவள் மனைவி. சமயமும் தத்துவமும் இந்தக் கேள்வியைச் சாவு, பஞ்சம், போர் போன்ற பெரிய துன்பங்களை வைத்தே பேசிப் பழகியவை. சொத்தைப் பல்லை வைத்துக் கேட்டால் விடை இன்னும் துலக்கமாகக் கிடைக்கும். ஏனென்றால், அந்த ஒரு துன்பம் எப்படி உண்டாகி எப்படி வளர்கிறது என்பது இன்று படிப்படியாகத் தெரியும்.

பாபிலோனியர்கள் பல்வலிக்கு ஒரு மந்திரம் வைத்திருந்தார்கள். களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் எழுதிய அந்த வாசகம் இன்றும் கிடைக்கிறது. அது நேராக வலிக்கு வருவதில்லை. உலகம் படைக்கப்பட்ட கதையிலிருந்து தொடங்குகிறது. வானம், பூமி, ஆறு, வாய்க்கால், சேறு என்று படைப்பு இறங்கிவந்து, கடைசியில் சேற்றிலிருந்து புழு பிறக்கிறது. அது அழுதுகொண்டே தெய்வங்களிடம் போய், எனக்கு உணவு எது என்று கேட்கிறது. பழுத்த அத்தியைத் தருகிறார்கள். புழு அதை மறுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க இடம் கேட்கிறது. இந்தக் கதையில் பழி மனிதன்மேல் விழவில்லை. பசித்த ஓர் உயிர் தனக்கு இடம் கேட்டதன் விளைவே வலி என்று, படைப்புக்குள்ளேயே அதற்கு ஒரு காரணம் வைத்தார்கள்.

அந்தப் புழு பாபிலோனோடு நிற்கவில்லை. அதர்வ வேதத்தில் பற்களின் நடுவே போகும் கிருமியை ஒழிக்கும் மந்திரம் உண்டு. சுசுருத சம்ஹிதை பல் நோய்களுள் ஒன்றுக்குக் கிருமிதந்தகம் என்று பெயர் வைத்தது. தமிழில் இன்றும் அது 'பூச்சிப் பல்'தான். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தால் பல்லிலிருந்து புழு விழும் என்று நம்பிப் புகை பிடித்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையை வைத்து இதே வைத்தியம் நடந்தது. சூட்டில் வெடித்து வெளிவந்த விதையின் முளையைப் புழு என்று காட்டினார்கள். 1728இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் தம் நூலில், தாம் தேடிப் பார்த்தும் பல்லில் புழுவைக் காணவில்லை என்று எழுதிய பிறகே அந்த நம்பிக்கை அங்கே மெல்லத் தளர்ந்தது.

புழு இல்லை என்பது உண்மை. ஆனால், கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று பல்லுக்குள் வேலை செய்கிறது என்ற முன்னோர்களின் ஊகம் முழுதும் பிழையில்லை.

இன்னொரு விளக்கம் இதைவிடக் கொடுமையானது. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம், முற்பிறவியில் செய்த குற்றம் இந்தப் பிறவியில் உடம்பில் எப்படித் தெரியும் என்று பட்டியல் போடுகிறது. பொன் திருடியவனுக்கு நகம் கெடும். மது குடித்தவனுக்குப் பல் கறுக்கும். ஒருவர் சிரித்தாலே அவருடைய பாவக் கணக்கைப் படித்துவிடலாம் என்றாகிறது. நூலைப் படிக்காதவர்களிடமும் இந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. கறைப் பல்லோடு இருக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் ஒதுங்குவதும், வகுப்பில் சிரிக்கும்போது ஒரு பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொள்வதும் அதன் மிச்சம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் அப்படி வாயைப் பொத்திக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் பல்லாயிரம் பேர். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்த திட்டும் பழுப்புக் கோடும் அவர்கள் பல்லில் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பாறைக்குள்ளிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதிலேயே எனாமலைக் கெடுத்துவிடுகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் 1937இல் ஆராய்ந்து எழுதினார்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013இல். அந்தப் பிள்ளைகள் போன பிறவியில் எதைக் குடித்தார்கள் என்று யாரும் தேட வேண்டியதில்லை. இந்தப் பிறவியில் தங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்தார்கள். இதே ஃப்ளோரைடு மிகச் சிறிய அளவில் பற்பசையில் இருந்தால் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. அளவு மாறினால் பயனும் மாறுகிறது.

எல்லாத் துன்பத்தையும் முன்வினையின் கணக்கில் எழுதுவதை இந்திய மரபே முழு மனதோடு ஏற்றுக்கொண்டதில்லை. பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறார். மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்செய்த வினையால் வருவதுதான் என்கிறார்களே, அது சரியா? புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடிக் கெடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல். வினைப்பயன் எட்டாவதாக வருகிறது. எல்லாவற்றையும் வினை என்று அடித்துச் சொல்பவர்கள், தாங்களே கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் போகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. வினை என்ற கருத்தை அவர் தூக்கி எறியவில்லை. எட்டில் ஒன்றாக அதற்கு உரிய இடத்தில் உட்கார வைத்தார். கிளினிக் நாற்காலியில் தன்னையே நொந்துகொண்டிருக்கும் தாய்க்கு முதலில் எட்ட வேண்டிய செய்தி இதுதான்.

அப்படியானால் அந்தப் பல்லில் நடந்தது என்ன?

எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. அதற்குள் உயிரணு இல்லை, ரத்த ஓட்டம் இல்லை. முறிந்த எலும்பு கூடும். உடைந்து விழுந்த எனாமல் திரும்ப வளராது. பல் துலக்கி முடித்த சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரிலிருந்து ஒரு மெல்லிய படலம் பல்மேல் படிகிறது. அதன்மேல் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டிக் குடும்பம் பெருக்குகின்றன. காலையில் நாக்கால் தடவினால் வழுவழுப்பாகத் தெரிகிற மாவு அதுதான். அதற்குள் இருக்கும் பலவகைக் கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பதை 1924இல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்தார். சர்க்கரை கிடைத்தால் அது இரண்டு வேலை செய்யும். பல்லோடு இறுகிக்கொள்ளப் பசை தயாரிக்கும்; சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கும். வாயின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும்.

இங்கேதான் உமிழ்நீர் வருகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அது அமிலத்தைத் தணித்து, தன்னிடம் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொண்டுபோய்ப் பல்லில் வைக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பல்லிலும் கரைவதும் சேர்வதும் மாறி மாறி நடக்கிறது. இரண்டும் ஈடாக இருக்கும்வரை பல் பிழைக்கிறது. ஒரு பிஸ்கட், அரை மணி கழித்து ஒரு மிட்டாய், பிறகு ஒரு பாக்கெட் ஜூஸ் என்று போனால் சேர்வதற்கு நேரமே இல்லை. முதலில் ஈறோரம் சுண்ணாம்புபோல் ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். வலி இருக்காது. அந்தக் கட்டத்தில் விழித்துக்கொண்டால் கோட்டைத் திரும்பக் கெட்டிப்படுத்த முடியும். விட்டால் மேற்பரப்பு உள்ளே இடிந்து குழியாகும். குழி எனாமலைத் தாண்டி அடுத்த அடுக்கான டென்டினைத் தொட்டதும் வேகம் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்னும். அதையும் தாண்டி நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் கூழுக்குள் கிருமி போய்விட்டால், நடு இரவில் குழந்தை துடிக்கும் வலி அது. வேரின் நுனியில் சீழ் கட்டி, கன்னம் வீங்கும். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், இரவில் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் முதலில் போகும். கீழ்வரிசை முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும்.

தமிழில் 'எச்சில்' என்றால் தீட்டு. ஆனாலும் அதே எச்சில்தான் பல்லுக்கு இரவும் பகலும் காவல் நிற்கிறது. எச்சிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வாயில் நீரைச் சுமந்துவந்து இறைவனுக்கு முழுக்காட்டி, தன் பல்லால் கடித்துப் பதம் பார்த்த இறைச்சியைப் படைத்தவர் கண்ணப்ப நாயனார். சைவர்கள் அந்த எச்சிலை அன்பின் உச்சம் என்று கொண்டாடுகிறார்கள். ஒரு தாயும் அதைத்தான் செய்கிறாள். சூடு தணிந்ததா என்று ஒரு வாய் தான் பார்த்துவிட்டு, அதே கரண்டியில் குழந்தைக்கு ஊட்டுகிறாள். பிறக்கும்போது குழந்தையின் வாயில் மியூட்டன்ஸ் கிடையாது. பெரும்பாலும் தாயிடமிருந்தோ கூட இருந்து வளர்ப்பவரிடமிருந்தோ, இப்படிப்பட்ட பாசத்தின் வழியாகவே அது வந்து சேர்கிறது. சொத்தைக்கான காரணங்களில் அன்பும் ஒன்று என்று ஆகும்போது, யார் பாவம் செய்தது என்ற கேள்விக்கு நிற்க இடமே இல்லாமல் போகிறது.

கிருமி வந்துவிட்டதால் மட்டும் பல் சொத்தையாகாது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை நிறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சொத்தை வரவில்லை என்று 1954இல் வெளியான ஆய்வு காட்டியது. சர்க்கரை மட்டும் போதாது, கிருமி மட்டும் போதாது. பல்லின் தன்மை, உமிழ்நீரின் அளவு, இவற்றோடு காலம், எல்லாம் கூட வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டாலும் சொத்தை நின்றுவிடும்.

இப்படி யோசிக்கும் முறை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஊரப்பாக்கத்தை அடுத்த வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் சாலையைப் பிடித்து மேற்கே போனால் காஞ்சிபுரம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, தன் 30ஆம் காதையில் அந்த ஊரில் வந்து முடிகிறது. பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்கு அங்கே போதிப்பது பன்னிரண்டு சார்புகளை. பேதைமையில் தொடங்கி, நுகர்வு, வேட்கை, பற்று வழியாகத் துன்பம்வரை ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும். முன்னது மீளப் பின்னதும் மீளும். அடிகள் பேசியது பிறவித் துன்பத்தைப் பற்றி, பல்லைப் பற்றியன்று. இருந்தாலும், தனியாக ஒரு குற்றவாளியையும் காட்டாமல், தலைவிதி என்றும் விட்டுவிடாமல், எந்தக் கண்ணியைத் தொட்டால் தொடர் அறும் என்று பார்க்கும் அந்தக் கண், பல் மருத்துவர் வைத்திருக்க வேண்டிய கண்ணேதான். ஊழ் என்று ஒதுங்குவதைவிட இதுவே கருணை மிகுந்த தத்துவம் என்று தயங்காமல் சொல்லலாம்.

சொத்தையைப் பற்றிய இந்த அறிவு கிடைத்த வழியில் ஒரு கறை இருக்கிறது. சர்க்கரை சொத்தையை உண்டாக்குமா என்று உறுதியாக அறிய, ஸ்வீடனில் லுண்ட் நகரின் விபெஹோல்ம் காப்பகத்தில் 1945 முதல் சுமார் பத்தாண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. அங்கிருந்தவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உணவோடு சர்க்கரை, இன்னொன்றுக்கு இனிப்பு ரொட்டி, வேறு சிலருக்கு உணவு வேளைகளுக்கு இடையில் பல்லில் ஒட்டும்படி தயாரித்த டாஃபி என்று கொடுத்தார்கள். நாளைக்கு 24 டாஃபி வரை தின்ற குழு ஒன்று. யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் புரிந்து சொல்லும் நிலையில் பலர் இல்லை. பலருடைய பற்கள் நாசமாயின. 1954இல் முடிவு வெளிவந்தது. எவ்வளவு சர்க்கரை தின்றார்கள் என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு ஒட்டும் வடிவில் தின்றார்கள் என்பதே பல்லைத் தீர்மானித்தது.

"சாப்பாட்டுக்கு நடுவுல மிட்டாய் குடுக்காதீங்கம்மா" என்று இன்று எந்த ஊரில் எந்தப் பல் மருத்துவர் சொன்னாலும், அந்த வாக்கியத்துக்குள் விபெஹோல்மின் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் விழுந்தது முன்வினையன்று. நல்ல நோக்கம் உள்ள மனிதர்கள் தெரிந்தே செய்த வினை. அந்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது அவர்கள் வலியை வீணாக்கும். பயன்படுத்திக்கொண்டு அவர்களை மறப்பதும் நியாயமன்று.

குறளின் 'மருந்து' அதிகாரத்தைத் திறந்தால் ஒரு வியப்பு. பத்துக் குறளில் ஆறு சாப்பாட்டைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்த பிறகு, நன்றாகப் பசித்த பிறகு உண்ணும்படி வள்ளுவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் மனத்தில் இருந்தது வயிறு. ஆனால் வயிற்றுக்கு விட்ட அந்த இடைவெளிதான் பல்லுக்கும் தேவைப்பட்டது. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய அதே நூல், நோய் என்று வந்ததும் ஊழைப் பேசாமல் நோயின் முதலைத் தேடச் சொல்கிறது.

முதலைத் தேடிப் போனால் தேடல் வீட்டு வாசலோடு நிற்காது. தகப்பனின் முணுமுணுப்பு சறுக்குவதும் அங்கேதான். காலை ஏழரை ரயிலைப் பிடித்து நகரத்துக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பும் பெற்றோர் இந்தப் புறநகரில் ஏராளம். நடுவில் குழந்தை பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். அழுதால் சமாதானப்படுத்த அஞ்சு ரூபாய் கிரீம் பிஸ்கட். அந்த பிஸ்கட் எல்லாக் கடையிலும் பிள்ளையின் கண்மட்டத்தில் சரமாகத் தொங்குகிறது. ஆப்பிளும் கொய்யாவும் அப்படித் தொங்குவதில்லை. பிரிட்டன் 1874இல் சர்க்கரை மீதான வரியை நீக்கியது. சர்க்கரை மலிந்து சொத்தையும் பெருகியது. இரண்டாம் உலகப் போரின்போது நார்வேயிலும் ஜப்பானிலும் சர்க்கரை கிடைக்காமல் போனபோது குழந்தைகளின் சொத்தை குறைந்தது. அந்த நாட்டுத் தாய்மார்கள் போருக்கு முன் பொறுப்பில்லாதவர்களாகவும் போரின்போது பொறுப்புள்ளவர்களாகவும் மாறிவிட்டார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. பாதிக் குழந்தைகளுக்கு வரும் ஒன்றைத் தனித்தனி வீடுகளின் பாவமாகப் பார்ப்பது கணக்கிலும் தவறு, அறத்திலும் தவறு. வீட்டுக்குப் பொறுப்பு உண்டு. கடைக்கும், பள்ளிக்கும், வரி போடும் அரசுக்கும் உண்டு. எந்தக் கண்ணியை யாரால் தொட முடிகிறதோ அந்த அளவுக்கு அவர் பொறுப்பு. தாயால் இரவுப் பாட்டிலை நிறுத்த முடியும். கடைச் சரத்தை அவளால் இறக்க முடியாது.

பாட்டியின் ஆறுதலுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பால் பல் விழுந்து முளைக்கும் என்பது உண்மைதான். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டுக் கூரைமேல் எறிந்த கையல்லவா அது. ஆனால் ஆறு வயது வாக்கில், எந்தப் பால் பல்லும் விழாமல், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், வாயின் ஒவ்வொரு கோடியிலும் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. கீழே இரண்டு, மேலே இரண்டு. எதுவும் விழாமல் வந்ததால் வீட்டில் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். அது நிரந்தரப் பல். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறு பல் வராது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். பிஸ்கட் மாவு அங்கே போய் அடைந்துகொள்ளும். குழந்தையின் பிரஷ் அவ்வளவு தூரம் எட்டாது.

அன்று மாலை மருத்துவர் வீங்கிய கன்னத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தையின் வாயை இன்னொரு முறை திறக்கச் சொல்கிறார். சின்னக் கண்ணாடியை உள்ளே வைத்து, பாட்டியை அருகே கூப்பிட்டுக் காட்டுகிறார். "பாட்டிம்மா, இங்க பாருங்க. ஈறைக் கிழிச்சுக்கிட்டு வெள்ளையா ஒண்ணு எட்டிப் பாக்குது பாருங்க. இது விழுந்து முளைக்காது. இனிமே ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நீங்களே பிரஷ்ஷைப் பிடிச்சுத் தேய்ச்சு விடணும்." பாட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்க்கிறார்.